பஞ்சர் ஆகாத சைக்கிள்

வழக்கே கதியென்று பட்டணத்தில் கிடக்கும் என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி நலமென்று எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு மட்டும் அங்கே தூக்கம் வருகிறதா?

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அப்பா வந்ததும் காட்டணும்" என்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நீங்கள் வருவதற்குள் புதுப்பல்லே முளைத்துவிடும் போலிருக்கிறது. பின் அறையில் உங்கள் ரப்பர் நாற்றம் இன்னும் போகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியவள்தான் நான். இப்போது வேலைவிட்டு வந்ததும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு சும்மா நிற்கிறேன்.

நேற்று நம் வக்கீல் வீட்டுக்கு வந்தார். உங்கள் டயரைப் பார்த்துச் செய்து விற்கிற கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டார்களாம். காப்புரிமைக்கு நீங்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அந்த டயர் ஊரறியத் தெருவில் ஓடியிருந்தால் உங்கள் உரிமை செல்லாதாம். பிறகு அவர்கள் அதை அச்சு அசலாகச் செய்து விற்றாலும் கேட்க முடியாதாம். அதற்காக என்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். "விண்ணப்பம் போடுற வரைக்கும் அந்த டயர் வீட்டை விட்டு வெளியவே போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, ஜெயிச்சிடலாம்" என்றார் வக்கீல்.

வெளியே போகவில்லையா! அந்த மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு நான் அதில்தானே போனேன்? அதற்குப் பிறகுதானே நீங்கள் விண்ணப்பமே போட்டீர்கள்? அந்த டயர் வருவதற்கு முன்பெல்லாம் பாட்டில் கிடங்கு முனையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லெல்லாம் என் டயருக்கென்றே காத்திருக்கும். பஞ்சரான சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு வருவதும், நீங்கள் எதிரே நடந்து வந்து வாங்கிக்கொள்வதுமாக இருந்தோம். "இனிமே நீ தள்ளவே கூடாது" என்று சொல்லி, உள்ளே அடுக்கடுக்காக ரப்பரும் துணியும் வைத்து ஒட்டி, முதல் ஜோடியை என் சைக்கிளுக்குத்தான் மாட்டினீர்கள். அன்றுமுதல் பஞ்சரே இல்லை. நீங்களும் எதிரே வருவதை விட்டுவிட்டீர்கள். பெரிய கெட்டிக்காரர்தான் போங்கள்.

யோசித்துப் பார்த்துவிட்டேன். என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது. உத்தமி என்று நினைத்துவிடாதீர்கள். சலவைக்கூடத்தில் லீவு வாங்க நான் சொல்லாத பொய்யா? ஆனால் நீங்கள் எனக்காகச் செய்ததை நாலுபேர் முன்னால் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. வழக்கு தோற்றால் நீங்கள் வீடு திரும்புவீர்கள் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கிறது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. இத்தனை வருட உழைப்பு என் ஒரு வார்த்தையில் போய்விடும் என்பதும் தெரியும். கூண்டில் ஏறும்போது உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் மனசு மாறி, வக்கீல் சொல்லிக்கொடுத்ததையே சொல்லிவிடுவேன்.

கோபம் வந்தால் திட்டுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள். பேசாமல் மட்டும் அங்கேயே இருந்துவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் பாட்டில் கிடங்கு முனைவரை நடந்து வாருங்கள். டயரில் காற்று இருக்கும். இருந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டே வருவேன்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி