நாவுல வீட்டு உறுதி

மாத்தளை
12.3.1964

பிள்ளைகளின் உம்மாவுக்கு ஸலாம்.

நாவுலயில் உன் சீதன வீட்டை மீட்டுவிட்டேன். நம் கடையை விற்று, ஈட்டுக் கடன் முழுவதையும் அடைத்தேன்.

"தவணைக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கே தம்பி. கடைய வச்சுக்கிட்டு மெதுவாக் கட்டலாமே?" என்றார் கடன் கொடுத்த முதலாளி.

"கையில காசு பொழங்கினா நான் திரும்பவும் சூதாடப் போயிருவேன், முதலாளி," என்றேன்.

உன்னிடம் வியாபார நஷ்டம் என்று பொய் சொல்லித்தான் அன்று வீட்டை ஈடு வைக்கக் கையெழுத்து வாங்கினேன். உன்னிடம் சொல்வதற்கு முன்பே அந்நியர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் நேரில் வராமல் எழுதுகிறேன்.

வீட்டின் உறுதிப் பத்திரமும் சாவியும் உன் உடன்பிறந்த நானாவிடம் இருக்கின்றன. எனக்கு இங்கே மூட்டை தூக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நீ பிள்ளைகளோடு உன் வீட்டுக்குத் திரும்பிவிடு. நான் அங்கே வரலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கத் துணிவில்லாத கணவன்