உங்கள் வாயும் பூத்தே இழுத்த வண்டியும்

பெயர் சொல்லிக் கூப்பிடாமலே நான் கடைசிவரை குடித்தனம் நடத்திய என் மனுசருக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. அங்கே எப்படி இருக்கிறீர்கள்? பேச ஆள் கிடைத்தார்களா?

நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எழுத வைத்துவிட்டார்கள். போன மாதம் உங்கள் கார்க் கம்பெனியில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். புதிதாக வந்திருக்கும் மேனேஜர் உங்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, "அமரர் அதிகம் பேசாதவர், எதையும் செயலில் காட்டியவர்" என்றார். பாவம், அவர் உங்களைப் பார்த்ததே இல்லை. ஒருத்தர் இருமினார். இன்னொருத்தர் குனிந்து செருப்பைச் சரி செய்ய ஆரம்பித்தார். உங்கள் அம்மா என் காதருகே வந்து, "யாருக்கும்மா கூட்டம் போட்டிருக்காங்க? நாம எடம் மாறி வந்துட்டமா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. எனக்குத் தெரிந்து நீங்கள் வாயை மூடியது ஒரே ஒரு தடவை. அது எதற்காக என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? அதனால் இதைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாது, எனக்கு அது ஒரு சௌகரியம்.

ஜப்பான்காரன் வந்து உங்கள் கம்பெனியில் இருந்த கார்களை எல்லாம் ஓட்டிக்கொண்டு போனான். கடைசிக் காரை எடுத்துப்போன சிப்பாயிடம்கூட, கியரை மெதுவாகப் போடும்படி கையைக் காட்டிச் சொன்னீர்களாம். மறுநாள் முதல் விற்கக் காரும் இல்லை, போக வேலையும் இல்லை. மலாக்காவில் நம் காஜா பேராங் வீட்டில் உங்கள் அம்மா, மூன்று பிள்ளைகள், வயிற்றில் நாலாவதோடு நான். நாள் முழுக்க உங்கள் பேச்சுக்கு நாங்கள்தான் வாடிக்கையாளர்கள். குடிக்கிற மரவள்ளிக் கஞ்சியையே எங்களிடம் விற்பீர்கள். "பாரு காமாட்சி, லேசா இருக்கு, வயித்துல தங்காது, காலையில சுறுசுறுப்பா எழுந்திரிக்கலாம்!"

அந்தக் கஞ்சிக்கான மரவள்ளி பத்து பெரெண்டாம் கிராமத்தில் விளைந்தது. உங்கள் சிநேகிதர் கொடுத்த துண்டு நிலம். அங்கே நடந்து போய், கிழங்கைப் பிடுங்கி, தலையில் வைத்து நடந்து வருவோம். ஒருநாள் பாதி வழியில் நான் உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் வீங்கியிருந்தது. கிழங்குச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, "உனக்கு ஒரு வண்டி வாங்கணும்" என்றீர்கள்.

அதற்குள் இன்னொரு பயமும் ஊரில் பரவியிருந்தது. வேலை இல்லாமல் தெருவில் நிற்கிற ஆண்களைப் பிடித்துச் சயாம் ரயில் பாதை போட அனுப்புகிறார்கள், போனவன் திரும்புவதில்லை என்றார்கள். வண்டி இருந்தால் பாசார் என்கிற சந்தைக்குக் காய்கறி ஏற்றலாம், ஏற்றுகிறவனுக்குக் கைப்பட்டை கொடுக்கிறார்கள், பட்டை கட்டியவனைத் தொடுவதில்லை. இதை என்னிடம் நீங்கள் சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டேன்.

வண்டி தேட ஆரம்பித்தீர்கள். சமாதான காலத்தில் துரைமார்களுக்குக் கார் காட்டியவர், மனைவிக்கு மட்டும் சாதாரணமாகப் பார்த்துவிடுவீர்களா? "மூணு விசயம். குடும்பம் மொத்தமும் தாராளமா உக்காரணும். நடு ரோட்டுல நிக்கக் கூடாது. தீனி கம்மியா இருக்கணும்."

முதலில் செமாபோக்கில் ஒரு சீன முதலாளியின், அதுதான் தௌக்கேயின், கரிக் கார். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் கரி எரித்து, அந்தப் புகையில் காரை ஓட்டினார்கள். முதலில் விசிறியால் விசிற வேண்டும். நானும் உங்கள் அம்மாவும் மாறி மாறி விசிறினோம். கார் கிளம்பியது. மேடு வந்ததும் நின்றது. இறங்கித் தள்ளினோம். வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மாவின் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தது. "அடுப்பைப் பின்னால கட்டிக்கிட்டு எவன்டா ஊர்வலம் போவான்?" என்றார். "ஆனா அம்மா, சீட் மெத்துன்னு இருந்திச்சில்ல?" என்றீர்கள். விசிறிக்கட்டை உங்கள் பக்கம் பறந்தது.

அடுத்தது ஒரு பெச்சா, ஆள் ஏற்றி மிதிக்கிற மூன்று சக்கர வண்டி. டயர் கிடைக்காமல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றியிருந்தார்கள். என்னை உட்கார வைத்து நீங்கள் மிதித்தீர்கள். நான் ஒருத்தி உட்கார்ந்ததுமே இடம் முடிந்துவிட்டது. "மத்தவங்க?" என்று கேட்டேன். "தவணை முறையில கொண்டாரலாம்" என்றீர்கள். நான் இறங்கி நடந்துவிட்டேன்.

கடைசியில் கண்ணுக்கு எதிரே இருந்ததுதான் அமைந்தது. நம் பக்கத்துக் கிராமத்து வீரப் பிள்ளையின் மாட்டு வண்டி. தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன மலாக்கா செட்டிக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். தமிழில் 'வணக்கம்' தாண்டினால் அவருக்குத் திணறும். ஆனால் மலாயில் ஆரம்பித்தால் நீங்களே ஓரமாக நிற்க வேண்டும். வண்டிக்கு மேலே வளைந்த கூரை, உள்ளே ஆள் நீட்டிப் படுக்கலாம். மாட்டின் பெயர் பூத்தே. மலாயில் வெள்ளை என்று அர்த்தம். மாடு என்னவோ புகையிலை நிறம். உங்கள் வெள்ளைக் கோட்டையும் தோல் சப்பாத்தையும் அவரிடம் கொடுத்து, விளைச்சலில் பங்கும் தருவதாகச் சொல்லி வண்டியைப் பிடித்துவிட்டீர்கள்.

வீட்டு வாசல்வரை வந்த பூத்தே அங்கேயே நின்றுவிட்டது. தட்டினாலும் நகரவில்லை, இழுத்தாலும் நகரவில்லை. வீரப் பிள்ளையைக் கூட்டி வந்தோம். அவர் சிரித்தார். "டியா சுக்கா ஓராங் சக்காப்" என்றார். அதாவது, அதற்கு ஆள் பேச வேண்டுமாம். அவர் வழி நெடுகப் பேசிக்கொண்டே ஓட்டிப் பழக்கிவிட்டார். பேச்சு கேட்கிறவரை நடக்கும். பேச்சு நின்றால் மாடும் நிற்கும்.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தார். நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். ஊரில் இருக்கிற அத்தனை மாட்டிலும் உங்களுக்கு என்று இப்படி ஒன்று வந்து வாய்த்ததே!

அன்றிலிருந்து நீங்கள் பாசாருக்குக் காய்கறி ஏற்றினீர்கள். கையில் பட்டை ஏறியது. போகும்போதும் வரும்போதும் பூத்தேக்குக் கார் விற்றீர்கள். எஞ்சின் எப்படி, பிரேக் எப்படி என்று நீங்கள் விளக்க விளக்க அது காதை ஆட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகும். எனக்கும் ஒரு நிம்மதி. வீட்டுக்கு வரும்போது உங்கள் தொண்டை கட்டியிருக்கும்.

அந்த நாளுக்கு வருகிறேன். பத்து பெரெண்டாமில் கிழங்கு ஏற்றிக்கொண்டு, பிள்ளைகள், உங்கள் அம்மா, ஒரு கோழி என்று எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியிலேயே எனக்கு வலி கண்டுவிட்டது. "தம்பி, சீக்கிரம் ஓட்டு" என்றார் உங்கள் அம்மா. நீங்கள் பேச்சைக் கூட்டினீர்கள், பூத்தே ஓடியது. அப்போதுதான் காவல் சாவடி வந்தது.

நீங்கள் எல்லாரும் இறங்கிக் குனிந்து வணங்கினீர்கள். நான் வண்டியில் படுத்தபடியே தலையைக் குனிந்தேன். சிப்பாய் வண்டியைச் சுற்றி வந்தான். கூரையைத் தட்டினான், சக்கரத்தை ஆட்டினான், உள்ளே எட்டிப் பார்த்தான். "கெரெத்தா பாகூஸ்" என்றான், நல்ல வண்டி என்று. எனக்கு வயிற்றுக்குள் இன்னொரு வலி. இவன் எடுத்துக்கொள்ளப் போகிறான். வண்டி போனால் பட்டை போகும், பட்டை போனால் நீங்கள் போவீர்கள்.

உங்களைப் பார்த்தேன். வண்டியை ஒருத்தன் பாராட்டிவிட்டானே, உங்கள் உதடு தானாகப் பிரிகிறது! அதன் பெருமைகளை எடுத்துவிடப் போகிறீர்கள் என்று நினைத்து நான் அங்கேயே பாதி செத்தேன். ஆனால் நீங்கள் வாயை மூடினீர்கள். மூடி, எங்கள் பக்கம் திரும்பி, விரலை உதட்டில் வைத்தீர்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சிப்பாய் ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தான். ஒரு அதட்டல் போட்டான். பூத்தே நின்றது. இன்னொரு அதட்டல். வாலை மட்டும் ஆட்டியது. சும்மா இருக்கும்போதே எதையாவது முணுமுணுக்கிற உங்கள் அம்மா, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். பெரியவன் தங்கைகள் வாயைப் பொத்தினான். எனக்கு இடுப்பை உடைக்கிற வலி. கத்தினால் மாடு நடந்துவிடுமே என்று கிழங்குச் சாக்கைக் கடித்துக்கொண்டேன். பிள்ளைப்பேற்றில் சத்தம் போடக்கூட உரிமை இல்லாமல் போனவள் மலாக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சிப்பாய்க்குக் கோபம் வந்து, விடாமல் திட்ட ஆரம்பித்தான். திட்டு நீண்டது. பூத்தேயின் காது நிமிர்ந்தது. முன்னங்கால் ஒன்று மேலே எழும்பியது. நல்லவேளை, அவனுக்கு மூச்சு வாங்கியது. திட்டு நின்றது. தூக்கிய காலை மாடு அதே இடத்தில் வைத்தது.

இறங்கினான். சக்கரத்தை ஓர் உதை விட்டு, போங்கள் என்று கையைக் காட்டினான்.

போவது எப்படி? அவன் கண் முன்னால் நீங்கள் பேசினால் மாடு நடக்கும், குட்டு வெளிப்படும். நீங்கள் மாட்டை முன்னால் இழுக்க, உங்கள் அம்மாவும் பெரியவனும் பின்னால் தள்ள, பூத்தே அவமானப்பட்ட மாதிரி தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. பார்த்த சிப்பாய் சிரித்துவிட்டான். திருப்பம் தாண்டி அவன் மறைந்ததும் நான் கத்தினேன்: "பேசுங்க! அய்யோ, ஏதாவது பேசித் தொலைங்க!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் உங்களிடம் கேட்காத ஒன்று அது. நீங்களோ பேச வராமல் நின்றீர்கள்! கண்ணில் தண்ணீர் வழிகிறது, வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. உங்கள் அம்மாதான் முந்தானையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தார். அந்தச் சிப்பாயை, அவன் ராஜாவை, கரிக் காரை, என்னை, உங்களை என்று அவர் ஏசின ஏச்சில் பூத்தே குதிரை மாதிரி பாய்ந்தது. காஜா பேராங் கோயில் கண்ணில் படும்போது நம் மகள் அந்த வண்டியிலேயே பிறந்தாள். வாணி என்று பெயர் வைத்தீர்கள்.

அன்று சாயங்காலம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "எல்லாம் சரி காமாட்சி. ஆனா அந்த ஆளு நம்ம வண்டியை ஓட்டை வண்டின்னு நெனச்சிருப்பான்ல?"

ஜப்பான்காரன் போனான், கார்கள் திரும்ப வந்தன, நீங்களும் கம்பெனிக்குத் திரும்பினீர்கள். பூத்தேயை வீரப் பிள்ளையிடமே விட்டோம். அதற்கு வயதாகி அது போகிறவரை வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போய் அதனோடு பேசிவிட்டு வருவீர்கள். அவரும் நீங்களும் ஒரே நேரத்தில் பேசுவீர்கள் என்று அவர் மனைவி என்னிடம் வந்து அழுவார். ஊருக்கெல்லாம் கார் விற்றீர்கள், நமக்கு ஒன்று வாங்கவில்லை. இதைவிட நல்லது அடுத்த வருடம் வரும் என்பீர்கள்.

இப்போது செய்தி. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பெரியவனுக்குக் கொஞ்சம் கோபம். வாணி சிரித்துக்கொண்டே இருக்கிறாள். போன வாரம் உங்கள் கம்பெனிக்கு நானே போனேன். நீளமான வண்டி, பின்னால் கதவு வைத்தது, ஒரு குடும்பமே ஏறலாம். வாசலில் பார்த்தபோதே அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் உங்கள் நாற்காலியில் இப்போது இருக்கிறவர் வந்து பேச ஆரம்பித்தார். எஞ்சின், பிரேக், சீட், தீனி. நன்றாகத்தான் பேசினார், உங்கள் அளவுக்கு இல்லை. எனக்கு எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல், கடைசிவரை நின்று கேட்டேன். முடித்ததும், "வேற எதாவது தெரிஞ்சுக்கணுமாம்மா?" என்றார். "முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது வண்டியில் உங்கள் அம்மாவைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். மெதுவாகத்தான் ஓட்டுவேன், கியரை நிதானமாகப் போடுவேன். அவர் இருக்கிறவரை அவரைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்வேன். இது சத்தியம்.

உங்கள் நாலு பிள்ளைகளின் அம்மா,
உங்கள் அம்மாவின் மருமகள்,
காமாட்சி