சாங் என்றால் நூறு

சனி, ஏப்ரல் 11

மழையும் இல்லை, பனியும் இல்லை. இரண்டும் சேர்ந்து அழுகின மாதிரி ஒரு ஈரம். காலை: உடுப்புத் தோய்த்தது. மத்தியானம்: வீடு பார்க்கப் போனது.

வீடு என்று சொல்வது மாமா. தொழிற்சாலையில் செய்து, லொறியில் இழுத்துவந்து வைத்த நீளப் பெட்டி. பாலம் தாண்டி, இதே மாதிரிப் பெட்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு வளவில். பிரெஞ்சில் மேசோன் மொபில், நடமாடும் வீடு. அம்மாவைவிட வயது கூட. நடமாடி முடித்துப் படுத்துவிட்டது.

மாமா அம்மாவின் தம்பி. டாக்சி ஓடுகிறார், ஆனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத தொழில் இல்லை. "வீடு சோதிக்கிற இன்ஸ்பெக்டர் ஒருத்தனும் வேண்டாமக்கா. கள்ளர். நான் தட்டிப் பாத்தே சொல்லுவன்." சுவரில் காது வைத்துத் தட்டினார், தேங்காய் வாங்குகிற மாதிரி. "நல்ல முத்தல்."

விற்கிற மதாம் வயது போனவ. தலைமயிர் ஊதா. எல்லாக் கரண்ட் சொக்கெற்றிலும் வாசனைக் குமிழ். லாவெண்டர், அப்பிள், பெயர் தெரியாத இன்னொன்று. இவ்வளவு வாசம் எதை மூட? யாரும் கேட்கவில்லை. அப்பா "ம்" என்றார். அப்பா எல்லாத்துக்கும் ம்.

குளியலறை வாசலில் மட்டும் புதுக் கம்பளம். மிதித்தேன். கால் கொஞ்சம் கீழே போய் வந்தது, மெத்தென்ற பாண் துண்டை அமத்தின மாதிரி. கூரையில் ஒரு மூலை மற்ற மூலைகளைவிட வெள்ளை. நேற்றைய வெள்ளை.

வெளிக்கிடும்போது மதாம் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னா: "சாங் கராந்தி லெகால்."

மாமாவின் முகம் மலர்ந்தது. "கேட்டியளே? சாங் எண்டால் நூறு. நூறு வீதம் கராண்டி, சட்டப்படி."

அம்மா சிலுவை போட்டா.

சாங் என்றால் நூறு, சரி. 'இல்லாமல்' என்பதும் சாங்தான். ஒரே சத்தம். அவ சொன்னது, கராண்டி இல்லாமல். வாங்கின பிறகு எது உடைந்தாலும் என்னிடம் வராதே. இது விளங்காமல் இவர் இருபது வருசம் இந்த ஊரில் ஆட்களை ஏற்றி இறக்குகிறார்.

சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. பல்லோடு நின்றுவிட்டது, வழமைபோல.

ஞாயிறு, 12

பூசை. பூசை முடிந்து அம்மா ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னா: "தனி வீடு. மேல ஆக்கள் இல்லை." அம்மாவுக்கு அது ஒன்றுதான். எங்கள் வீடு பாதி நிலத்துக்குள். மேலே இருக்கிறவர்கள் குளித்தால் எங்கள் குசினிச் சுவர் வியர்க்கிறது. அதற்காக இத்தனை வருசம் சேர்த்தது முழுக்க அந்தப் பெட்டிக்குள் போகப்போகிறது.

பின்னேரம் குசினியில், கோப்பை கழுவுகிற சாட்டில் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, சாங் எண்டால் இல்லாமல் எண்டும் வரும்."

"மாமா பிரெஞ்சு தெரியாமலே டாக்சி ஓடுறார்? நீ பள்ளிக்கூடத்தை விட்டனீ."

ஓம், விட்டனான். வாய் திறக்காத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை. ஆனால் காது அங்கேயும் வேலை செய்தது.

செவ்வாய், 14

திரும்பவும் போனது. வேலைக்கு லீவு சொன்னேன். கிடங்கில் பெட்டி மடிக்க நான் இல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அம்மா கொண்டுவந்தவை: அந்தோனியார் படம், ஆணி, சுத்தியல், தீர்த்தப் போத்தல். வீட்டை இன்னும் வாங்கவில்லை. மதாமுக்கு முன்னாலேயே சுவரில் அந்தோனியாரை அடித்தாயிற்று. பிறகு தீர்த்தம் தெளிக்கப்போய் போத்தல் கை நழுவி விழுந்தது. தண்ணீர் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு நேராகக் குளியலறைப் பக்கம் ஓடி, சுவரோரம் உள்ளே இறங்கிக் காணாமல் போனது.

மாமா: "பாத்தியளே, வீடு தீர்த்தத்தைக் குடிக்குது. நல்ல சகுனம்."

இந்த மனிசனுக்கு வாக்குரிமை இருக்கிறது.

கீழே பார்க்கவேண்டும் என்று அப்பா சொன்னார். ஒரு முழு வசனம். வீட்டைச் சுற்றிக் கீழே தகரம் மறைத்திருந்தது, ஒரு தகடு கழன்று கிடந்தது. மாமாவின் வண்டி வயிறு அதற்குள் போகாது. "உந்த ஊமைக்கோட்டானை அனுப்புங்கோ. மெலிஞ்சவள்."

போனேன். சேறு. ஸ்கங்க் என்கிற நாறல் பிராணி இருந்துபோன நாற்றம், லாவெண்டருக்கு விளக்கம் கிடைத்தது. கறுப்புப் பிளாஸ்ரிக் கிழிந்து, உள்ளே அடைத்த ரோஸ் பஞ்சு ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குளியலறைக்கு நேர் கீழே பலகை கறுப்பு. விரலால் குத்தினேன், நகம் முழுக்கப் போனது. ஒரு தூண் மரக்கட்டையில் நிற்கிறது, கட்டை சேற்றில் நிற்கிறது, சேறு எதில் நிற்கிறதோ. தண்ணீர் ஒரு சொட்டு கழுத்தில் விழுந்தது. தீர்த்தமாக இருக்கலாம்.

போனில் படம் எடுத்து மாமாவிடம் காட்டினேன்.

"எல்லா வீட்டுக்கும் அடிப்பக்கம் இப்பிடித்தான் பிள்ளை. அடிப்பக்கத்தை ஆர் பாக்கப் போகினம்? அதுதான் கராண்டி இருக்கே."

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு எந்த நிறச் சீலை என்று யோசித்துக்கொண்டிருந்தா.

வியாழன், 16

வெயில். கையெழுத்து வைக்கிற நாள். எல்லாரும் மதாமின் மேசையில். மாமா பூசைக்குப் போடுகிற கோட்டுடன். அம்மாவின் கையில் பேனை. எங்கே வைப்பது என்று மாமா விரலால் காட்டுகிறார்.

என் சத்தம் கேட்டது. எனக்கே யாரோ மாதிரி. "மதாம், கராந்தி... அவெக் ஊ சாங்?" கராண்டியோடா, இல்லாமலா?

மதாம் என்னைப் பார்த்தா. இந்தப் பிள்ளை பேசுமா என்பது போல. பிறகு செல்லம் கொஞ்சி: "சாங், மா பெல். சாங், சாங், சாங்."

"கேளுங்கோ அக்கா," மாமா. "இப்ப முந்நூறு எண்டுறா."

மதாம் இரண்டு கையையும் விரித்து, மேசையைத் துடைக்கிற மாதிரி வழித்துக் காட்டினா. "ரியென்." ஒன்றுமில்லை. ரியென் எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் முதலாளி தினமும் சொல்வது.

அம்மா பேனையை மூடி வைத்தா. அப்பா முதலில் எழும்பி ஜக்கெற்றைப் போட்டார். ம் கூடச் சொல்லவில்லை.

அந்தோனியாரைச் சுவரிலிருந்து கழற்றியது நான். ஆணி வரும்போது சுவரில் ஒரு பிடி தூளும் சேர்ந்து வந்தது.

காரில் மாமா: "அவவின்ர உச்சரிப்புப் பிழை."

வெள்ளி, 17

கிடங்கு. கால் குளிர். அம்மா என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டா, கோப்பையைச் சத்தமாக வைத்தா. வீட்டை இடித்தது நான்தான் போல.

அந்தோனியார் பழைய ஆணியில். மேலே தண்ணீர் திறந்த சத்தம். குசினிச் சுவர் வியர்த்தது.

படுக்கப் போகும்போது அம்மா பால் பெட்டியில் கிழித்த மட்டையையும் பேனையையும் முன்னால் வைத்தா. "அந்தச் சொல்லை எழுது. ரெண்டையும்."

எழுதினேன். ஒன்று எஸ்ஸில் தொடங்கும், மற்றது சீயில்.

"ரெண்டும் ஒரே சத்தமோ?"

"ஓம்."

நிறைய நேரம் பார்த்தா. "அப்ப மாமாவில பிழையில்லை."

பேனையை மூடி வைத்தேன்.

விளக்கை நூர்த்துவிட்டு, வாசலில் நின்று: "நாளைக்கு மாமா இன்னொரு வீடு காட்ட வாறாராம். நீயும் வெளிக்கிடு. வரேக்க வாயையும் கொண்டு வா."