புதன், ஏழாவது எட்டாவது பீரியட்

ஜூன் 9, திங்கள்

எழுபத்தொரு ஆசிரியர்கள், முப்பத்தாறு வகுப்புகள், வாரத்துக்கு நாற்பது பீரியட். எல்லாரையும் ஒரே சார்ட் அட்டையில், ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் உட்கார வைத்துவிட்டேன். பதினோரு வருஷமாக இந்தப் பள்ளியின் டைம்டேபிள் என் கையில்தான். கதவில் வைஸ் பிரின்சிபால் என்று பலகை. உள்ளே நடப்பது கலர் சீட்டு ஒட்டும் வேலை.

ஒட்டி முடித்துவிட்டு, எனக்கென்று நான்கு மணி நேரம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். கோல்ஃப் ஆட. வாரத்துக்கு ஒரே ஒரு தடவை. இல்லை. முப்பத்தாறு வகுப்புக்கும் இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

மத்தியானம் நாத்தனார் போன். இவருடைய அக்கா, கண் டாக்டர், ஆறு வருஷமாகக் கிளப்பில் என் ஜோடி. செப்டம்பர் 13 ஜோடிக் கோப்பைக்குப் பெயர் கொடுக்கும் நேரமாம்.

"போன வருஷம் மாதிரி வண்டியில ஏறுறதா இருந்தா இப்பவே சொல்லிடு டீச்சர். பேங்க் மேனேஜர் என்கூட ஆடறேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

போன வருஷம்! அதை இன்னும் எத்தனை நாள் சொல்லிக் காட்டுவார்? அந்தக் கோப்பைக்கு ஒரு விதி உண்டு: பதினெட்டு குழியும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே முடிக்க வேண்டும். ஜோடியில் ஒருவர் வண்டியில் ஏறினாலும் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. பதினைந்தாவது குழியில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்துவிட்டது. "அண்ணி, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். அவர் நிற்கவில்லை. யாருக்காகவும் நிற்கிற ஆள் இல்லை. மைதானத்துக்காரர் வண்டியோடு வந்தார், நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போது நாங்கள் மூன்றாவது இடத்தில் இருந்தோம்.

இந்த முறை இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஐந்து முழு ஸ்கோர் கார்டு கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். ஒன்பது குழியாக ஆடினால் அரைக் கார்டு. என் கையில் இப்போது இருப்பது பூஜ்யம்.

ஜூன் 11, புதன்

உடற்பயிற்சி சைக்கிளைத் தூசி தட்டினேன். அதன் மேல் இவருடைய நான்கு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எடுத்து மடித்து, பீரோவில் வைத்து, பீரோ அலங்கோலமாக இருக்கிறதே என்று அதை அடுக்கி... சைக்கிளில் ஏறவே இல்லை.

ஜூன் 14, சனி

மகளை ஆறரைக்கு டியூஷனில் இறக்கிவிட்டு நேராகக் கோர்ஸுக்குப் போனேன். பத்து நிமிஷ தூரம். எட்டரைக்கு அவளை அழைக்க வேண்டும். நடுவில் ஒன்பது குழி ஆடிவிடலாம் என்பது கணக்கு. கணக்கு டீச்சரின் கணக்கு!

ஒவ்வொரு மேட்டிலும் நின்று மூச்சு வாங்கி, இரண்டு மணி இருபது நிமிஷம் ஆனது. ஒன்பதே கால் வரை டியூஷன் வாசலில் நின்ற பிள்ளையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அம்மா, உனக்கு நான் முக்கியமா பந்து முக்கியமா?"

"ரெண்டும்தான்" என்றேன். வாயைக் கட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்தால் இவர், "நீ கோல்ஃப் ஆடுறதை விட கோல்ஃபைப் பத்திப் பேசுறதுதான் அதிகம்" என்கிறார். பேச்சுக்காவது நேரம் கிடைக்கிறதே.

ஏன்தான் இந்தப் பாடு என்று எனக்கே சில சமயம் தோன்றும். ஆனால் அந்தப் புல்லில் நிற்கும்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. லீவ் கேட்பதில்லை, சாவி கேட்பதில்லை, சாக்ஸ் எங்கே என்று கேட்பதில்லை. எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது.

புதன் ஏழாவது பீரியட் எனக்கு ஒன்பது ஏ, எட்டாவது ஒன்பது சி. இரண்டும் கணக்கு. அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பின் நான்கு பிரிவுக்கும் சேர்த்து விளையாட்டு பீரியட் போட்டுவிட்டேன். கணக்கு வேறு நாட்களுக்கு நகர்ந்தது. "ஒருங்கிணைந்த விளையாட்டு" என்று கீழே ஒரு குறிப்பும் எழுதினேன். பிரின்சிபால் அந்தக் குறிப்பைப் படித்து, "நல்ல யோசனை" என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார். முதுகுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், புதன்கிழமை மட்டும் இரண்டேகாலுக்குக் கிளம்புகிறேன் என்றேன். "உடம்பைப் பாத்துக்கங்க மேடம்" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அச்சடித்து எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பியாகிவிட்டது.

ஜூன் 25, புதன்

இரண்டரைக்கெல்லாம் முதல் பந்து. ஆகா! பன்னிரண்டாவது குழியில் கெண்டைக்கால் மறுபடி இழுத்தது. உட்கார்ந்து, தேய்த்து, எழுந்து, நொண்டி, எப்படியோ முடித்தேன். கார்டில் அடி எண்ணிக்கையை எழுதவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒன்று சேர்ந்தது. இன்னும் நான்கு.

ஜூலை 2, புதன்

இன்றும் ஆடினேன். இன்றும் நொண்டினேன். மூன்று பாக்கி. (சனிக்கிழமையின் அரைக் கார்டு தனியாக இருக்கிறது.)

ஜூலை 3, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

காலையில் பி.டி. சார் வந்தார். கழுத்தில் விசில், கையில் டைம்டேபிள். பத்து வருஷமாக என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததே இல்லை, இன்றைக்கு உட்கார்ந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். புதன் ஏழு, எட்டு. ஒன்பது ஏ, பி.டி. சார். ஒன்பது பி, பி.டி. சார். சி, பி.டி. சார். டி, பி.டி. சார். ஸ்கூல்ல மொத்தம் எத்தனை பி.டி. சார் இருக்காங்க?"

ஒரே ஆளை ஒரே நேரத்தில் நான்கு கட்டத்தில்! இதை வேறு யாராவது செய்திருந்தால் ஸ்டாஃப் ரூமில் வைத்து மானத்தை வாங்கியிருப்பேன். பதினோரு வருஷத்தில் ஒரு மோதல் வந்ததில்லை. என் சீட்டைப் பிடுங்கும் அவசரத்தில் அவர் சீட்டை எண்ண மறந்திருக்கிறேன்.

"நூத்தி அறுபது பிள்ளைங்க, நாலு ஃபுட்பால். போன வாரம் ஒருத்தன் மரத்துல ஏறி உக்காந்துட்டான், மேடம். நான் கவனிக்கவே இல்ல. நேத்தும் ஏறிட்டான்."

"மாத்திடறேன் சார். இன்னைக்கே மாத்திடறேன்."

"மாத்தினா பிரின்சிபால் காரணம் கேப்பாரே. யாரு புதன்கிழமை ரெண்டேகாலுக்கு மட்டையை டிக்கியில வச்சுக்கிட்டுக் கிளம்புறாங்கன்னும் கேப்பார்." அவர் சிரிக்கக்கூட இல்லை. "நான் சொல்ல மாட்டேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. டி செக்ஷனை எடுத்துக்கங்க. கிரவுண்டுக்கு வந்துடுங்க. டேர்ம் முடியிற வரைக்கும்."

என் புதன்! நான் தலைகீழாக நின்று சம்பாதித்த புதன்! போச்சு. எல்லாம் போச்சு. யாரைத் திட்டுவது? என்னையேதான் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

வெயில். நாற்பது பிள்ளைகள். நான் ஓரமாக நிழலில் நின்று மேற்பார்வை பார்க்கலாம் என்றிருந்தேன். பி.டி. சார் தூரத்திலிருந்தே விசில் அடித்தார். "மேடம், நீங்க நின்னா அதுங்களும் நிக்கும்."

கேலரிப் படி ஏறி இறங்க வேண்டும். நாற்பத்திரண்டு படி, எட்டு தடவை. ஐந்தாவது தடவையில், முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மிஸ், தண்ணி வேணுமா?" என்றாள். அந்த அக்கறையில் இருந்த பரிதாபம் எனக்குத் தாங்கவில்லை. எட்டையும் முடித்தேன்.

ஜூலை 10, வியாழன்

பிரின்சிபால் அறை மாடியில் இருப்பது இன்றைக்குத்தான் உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினேன். "முதுகு இன்னும் சரியாகலையா?" என்று கேட்டார்.

ஜூலை 19, சனி

டியூஷன் நேரத்தில் ஒன்பது குழி. ஒரு மணி ஐம்பத்தைந்து. மகள் பதினைந்து நிமிஷம்தான் நின்றாள். "பரவால்ல, முன்னேறியிருக்கே" என்றாள். யார் யாருக்கு மார்க் போடுவது என்று ஆகிவிட்டது.

ஜூலை 23, புதன்

இன்று பி.டி. சாரிடம் கத்திவிட்டேன். படி போதாதென்று ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. "எனக்கு அம்பது வயசு ஆகப்போகுது சார்!" என்றேன்.

"அதனாலதான் மேடம். உங்க தோள்ல தப்பு இல்ல. இடுப்பும் கெண்டைக்காலும்தான் தூங்குது. நாள் பூரா நாற்காலி."

"நீங்க கோல்ஃப் ஆடியிருக்கீங்களா?"

"இல்ல. நீங்க வராண்டாவுல ஸ்கேலை வச்சு வீசிப் பாக்கறதைப் பாத்திருக்கேன்."

ஸ்கேலை வைத்து நான் வீசுவது யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மகளுக்கு இப்போது ஞாயிறும் டியூஷன், அதனால் சனியும் ஞாயிறும் ஒன்பது ஒன்பது குழி. ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஆனது. நாத்தனார் போன் செய்து, பேங்க் மேனேஜரின் ஐந்து கார்டும் வந்துவிட்டதாகச் சொன்னார். சும்மா தகவலுக்காகவாம். யாருக்கு வேணும் அந்தத் தகவல்? வச்சுட்டேன் போனை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு மணி முப்பத்தெட்டு! டியூஷன் வாசலில் அவளுக்கு முன்னால் நான் நின்றேன். அவள் வாட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வழியில் டீக்கடையில் நிறுத்தி ஆளுக்கொரு பன் வாங்கிச் சாப்பிட்டோம்.

மேடு ஏறும்போது மூச்சு வாங்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடைசி அரைக் கார்டைக் கிளப் கவுண்டரில் கொடுத்தேன். ஐந்து. நாத்தனாருக்கு, "முடிஞ்சுது அண்ணி" என்று அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. ஒரு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்தா போய்விடும்?

செப்டம்பர் 13, சனி

உடம்பெல்லாம் வலி. ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

இருபத்திரண்டு ஜோடி. ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். வழக்கம்போல் நாத்தனார் முன்னால், நான் பின்னால். பத்தாவது குழி வரை அவர் திரும்பித் திரும்பி என் காலைத்தான் பார்த்தார். பந்தைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "நல்லாத்தான் இருக்கேன் அண்ணி, முன்னாடி பாத்து நடங்க" என்றேன்.

பதினான்காவது மேட்டில் நான் ஏறி மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் பாதியில் நின்றுகொண்டிருந்தார். இடது முட்டியைக் கையால் பிடித்தபடி.

"டீச்சர்... கொஞ்சம் நில்லு."

ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அது வந்ததில்லை. நின்றேன். போன வருஷத்துக்குப் பதில் கொடுக்க இதைவிட நல்ல இடம் அமையாது என்று ஒரு நொடி தோன்றியதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன். பிறகு இறங்கிப் போனேன்.

முட்டி வீங்கியிருந்தது. எத்தனை நாளாக என்றேன். ஏப்ரலிலிருந்தாம். யாருக்கும் சொல்லவில்லை. தம்பிக்கும் சொல்லவில்லை. "சொன்னா நீ வேற ஜோடி பாத்துக்குவேன்னு நினைச்சேன்" என்றார். புல்லைப் பார்த்துக்கொண்டே.

அடப்பாவி மனுஷி! மூணு மாசமா என் தலையில பேங்க் மேனேஜரை ஏத்தி வச்சு ஆட்டினது இதுக்குத்தானா? எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பாவமாக இருந்தது.

அதே மைதானத்துக்காரர் அதே வண்டியோடு வந்து நின்றார். "ஏறிக்கிறீங்களா டாக்டர்?"

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்க முட்டி, உங்களுக்குத்தான் தெரியும் அண்ணி. முடியலேன்னா ஏறிக்கங்க. முடியும்னா பையைக் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். ஜோடியில் யார் தூக்கினாலும் விதி ஒப்புக்கொள்ளும். இரண்டு தோளிலும் இரண்டு பை. நாற்பத்திரண்டு படி, எட்டு தடவை என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த ஜோடியை முன்னால் விட்டோம். அதற்குப் பின்னால் வந்த ஜோடியையும் விட்டோம். அதில் பேங்க் மேனேஜர் இருந்தார்.

பதினெட்டாவது குழியில் முடிக்க வேண்டிய அடி அவருடையது. இரண்டடி தூரம். தவறவிட்டார். நான் தள்ளி முடித்தேன். பத்தொன்பதாவது இடம்.

"கேவலமா ஆடினோம்" என்றார்.

"ஆமா அண்ணி. ஆனா நடந்து முடிச்சோம்."

செப்டம்பர் 15, திங்கள்

முட்டியில் ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாமாம். தொடைத் தசையைப் பலப்படுத்தினால் போதுமாம். எலும்பு டாக்டர் ஒரு காகிதம் நிறையப் பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார். "கிளினிக், ஆபரேஷன் தியேட்டர், இதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்? அடுத்த வருஷம் நீ வேற ஆளைப் பாத்துக்கோ" என்றார் போனில். வைத்துவிட்டார்.

அவருடைய ஒரு வார வேலை நேரத்தை எனக்கு அனுப்பச் சொல்லிக் கிளினிக் நர்ஸைக் கேட்டேன். அட்டையில் போட்டுப் பார்த்தேன். நேரம் இல்லையாமே! இடம் தேடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 8, புதன்

புது டேர்ம் டைம்டேபிள் இன்று அமலுக்கு வந்தது. ஒன்பது ஏ, பி, சி மூன்றுக்கும் விளையாட்டை வேறு வேறு நாளில் பிரித்துப் போட்டேன். "இனி புதன் உங்களுக்கு ஃப்ரீதானே மேடம்" என்றார் பி.டி. சார். டி பிரிவு மட்டும் அதே புதன், அதே ஏழு எட்டு. கட்டத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதியிருந்தேன். அவர் பார்த்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரின்சிபாலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், மட்டை உட்பட. ஐந்து நிமிஷம் திட்டினார். பிறகு, பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்ய ஒரு டாக்டர் இலவசமாக வருவார் என்றதும் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு இருபதுக்கு அந்த டாக்டர் கேலரிப் படியின் அடியில் நின்றார். காலில் புது ஷூ, முகத்தில் கடுகடுப்பு.

"எத்தனை படி?"

"இன்னைக்கு ஆறுதான் அண்ணி. மெதுவா."

"இந்தப் படி யோசனை சொன்ன உன் பி.டி. சார் எங்கே? அவனை முதல்ல கூப்பிடு."

நான்காவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முன்பெஞ்சுப் பெண் ஓடி வந்து, "டாக்டர், தண்ணி வேணுமா?" என்றாள். அவர் என்னை முறைத்தார். நான் ஒரு படி கீழே இறங்கி, அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.