தாஸ் ஓட்டி வந்த பெட்டி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று தாஸின் மண்டையை உடைத்தேன். பதினைந்து வருடமாக இருவருக்கும் ஒரே துறைமுகத்தில் வேலை. காலடிப்பேட்டையில் பக்கத்து வீடு.

சொந்த ஜனங்கள் மேலேயே குண்டு போடும் ஒரு ராணுவத்துக்கு யாரும் ஆயுதம் விற்கக் கூடாது என்று பல நாடுகள் சேர்ந்து தடை போட்டிருக்கின்றன. தாஸின் டிரெய்லரில் இருந்த கண்டெய்னர் பெட்டி அந்த ராணுவத்துக்குத்தான் போகிறது. காகிதத்தில் இயந்திர உதிரி பாகம் என்று இருந்தது. கதவில் வெடிபொருள் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம். கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று சரக்கு ஏற்றும் தொழிலாளர்கள் நாங்கள் துறைமுக கேட்டை மறித்து உட்கார்ந்தோம்.

தாஸ் ஹாரனை அழுத்தினான். "நான் இன்னா சுடப் போறனா மாமு? வண்டி ஓட்றேன், அவ்ளோதான். நவுரு."

சக்கரம் என் கால் வரை உருண்டு வந்தது. பெட்டிகளை இறுக்கும் இரும்புக் கம்பி என் கையில் இருந்தது. அவனை வண்டியிலிருந்து கீழே இழுத்துத் தலையில் அடித்தேன். முதல் அடியிலேயே விழுந்துவிட்டான். இரண்டாவதும் அடித்தேன்.

எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கேட் காலியானது. வேறொரு டிரைவர் ஏறி வண்டியை உள்ளே கொண்டுபோய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். கண் விழித்ததும் கேட்டான்: "பெட்டி கப்பல்ல ஏறிச்சா?"

"ஏறிடுச்சு."

"அப்போ என்னை மட்டும்தான் நிறுத்திக்கீற."

பக்கத்து வீட்டில் அவன் பிள்ளைகள் இன்னும் தூங்கவில்லை. சுவர் வழியாகக் கேட்கிறது.