இஞ்சின் நம்பர் 1347

3 நவம்பர், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பின்பக்கக் கூரை மறுபடி ஒழுகல். வாளி வைத்தாயிற்று. சரோ ஜொகூரில், மகள் பிரசவத்துக்கு. இன்னும் மூன்று வாரம் என் சமையல்தான். முட்டை, சார்டின், திரும்ப முட்டை.

வேலைகள்:
கூரைக்காரனுக்குப் போன்.
அக்கா மருந்துச் சீட்டு.
காருக்கு ரோட்டெக்ஸ் வரி கட்ட.
வெள்ளைக்காரருக்குப் பதில்.

இதில் கடைசி வேலைதான் இடிக்கிறது. பெயர் டேவிட். இங்கிலாந்தில் வடக்கே ஏதோ சின்ன ஊர், ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் ஊரில் ஒரு காலத்தில் இருந்த குட்டி ரயில் இஞ்சின் கம்பெனியின் கதையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறாராம். எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்களின் முகநூல் குழுவில் போன மாதம் நான் ஒரு படம் போட்டேன். ரப்பர்ப் பால் வண்டி இழுக்கிற இஞ்சின்மேல் சாய்ந்து நிற்கும் அப்பா. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். இஞ்சினின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும், அதில் உள்ள எண் வேண்டும் என்கிறார். படத்தில் அந்த இடத்தில் வெயில் பட்டு வெறும் வெள்ளை.

"படத்தில் இருப்பவர் யார்?" என்றும் ஒரு வரி. பதில் எழுதவில்லை.

மதியம் அக்காவை மெர்போக்கில் போய் ஏற்றி சுங்கை பட்டாணியில் டயாலிசிஸ் சென்டரில் இறக்கி, நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டு, நான் பாடாங் செராய் வந்து சேர ஆறரை. அவள் மகனுக்கு ஷிப்ட். வாரம் மூன்று நாள் இதுதான் என் உத்தியோகம். அக்காவுக்கு இன்று கால் வீக்கம்.

4 நவம்பர்

மழை விட்டுவிட்டு. கூரைக்காரன் "நாளைக்கு" என்றான். எந்த நாளைக்கு என்று அவனுக்கே தெரியாது.

டே.க்குப் பதில் போட்டேன், ஓட்டியவர் என் அப்பா பெருமாள் என்று. அரை மணியில் நீளமாக எழுதிவிட்டார். தனிமையில் இருப்பவர் போல.

கம்பெனியை ஆரம்பித்தது ஒரு அண்ணனும் தம்பியும். முதலில் நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு ரிப்பேர், ஒரு கொல்லுப் பட்டறை. பிறகு கல்லுடைக்கும் இடங்களுக்குக் குட்டி இஞ்சின். கம்பெனி ஆட்கள் மொத்தப் பேரும் ஒரே போட்டோவுக்குள் அடங்கிவிடுவார்களாம். இஞ்சின் எண்களை ஒன்றிலிருந்து தொடங்காமல் ஆயிரத்திலிருந்து தொடங்கினார்களாம், வாங்க வருகிறவன் பெரிய கம்பெனி என்று நினைக்கட்டும் என்று. கெட்டிக்காரர்கள். பின்னால் கரும்புத் தோட்டம், ஈயச் சுரங்கம், ரப்பர் தோட்டம் எல்லாம் வாங்கின. லாரி வந்ததும் ஆர்டர் படுத்துவிட்டது. கடைசிக் காலத்தில் செலவைக் குறைக்க பிரேக் சாமான்களை வெளியிலிருந்து மலிவாக வாங்கிப் போட்டார்கள், எந்தெந்த எண்களில் என்று தேடிக்கொண்டிருக்கிறாராம். அப்புறம் மூடுவிழா. அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

பிரேக் என்ற சொல்லைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் போய்த் துணி மடித்தேன்.

5 நவம்பர், புதன்

டயா. நாள். காரில் அக்காவிடம் வெள்ளைக்காரர் விஷயத்தைச் சொன்னேன். அந்த இஞ்சினில் பிரேக் சரியில்லையோ என்று சந்தேகம் இருக்கிறது, எண் கிடைத்தால் தெரியும் என்றும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவருக்கு வேற வேல இல்லையா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பும் வழியிலும் அதே முகம்.

அவளை விட்டுவிட்டு வந்து, வீட்டு எதிர்க்கடையில் பால் விடாத தே ஓ மூன்று. உட்கார்ந்த இடத்தில் எழுதுகிறேன். எங்குமே எழுதி வைத்ததில்லை, ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினேழு. மத்தியானம் பால் தொட்டி வண்டிகளை இழுத்துக்கொண்டு அப்பா மேட்டிலிருந்து ஸ்டோருக்கு இறங்குகிறார். இஞ்சின் பிடி தவறி ஓடுகிறது. பாலத்து வளைவில் அப்பா குதித்தார். கடைசி வண்டியில் நின்ற எங்கள் லயத்துப் பாக்கியத்தக்கா குதிக்கவில்லை. அவர் மேல் தொட்டி கவிழ்ந்தது.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஆபீசில் முடிவு. வேலை போயிற்று, தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்தோம். அப்பா அதன்பின் பதினோரு வருடம் இருந்தார். டவுனில் புல் வெட்டினார். குதித்ததை அவர் மறுத்ததே இல்லை. கேட்கிறவனிடமும் கேட்காதவனிடமும் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "திருகுனேன், சும்மா சுத்துச்சு."

நானும் நம்பவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

6 நவம்பர்

வெயில். துணி காய்ந்தது. ரோட்டெக்ஸ் முடிந்தது.

டே. இரண்டு பழைய கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டும் கம்பெனியின் பழைய கடிதப் பெட்டியிலிருந்து.

ஒன்று, கம்பெனி பினாங்கு ஏஜெண்டுக்கு எழுதியது. குறிப்பிட்ட சில இஞ்சின்களில் பிரேக் தண்டின் மரை சீக்கிரம் தேய்கிறது. தேய்ந்தால் கைப்பிடி சுற்றும், பிரேக் பிடிக்காது. புதுச் சாமான் அனுப்புகிறோம், அதுவரை சுமையோடு சரிவில் ஓட்ட வேண்டாம். கீழே இஞ்சின் எண்களின் பட்டியல்.

மூன்று தடவை படித்தேன். கைப்பிடி சுற்றும், பிடிக்காது. அப்பாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது.

இரண்டாவது, சில மாதம் கழித்து ஏஜெண்டு எழுதியது. கெடா தோட்டம் ஒன்றில் விபத்து, ஒரு பெண் சாவு, ஓட்டுநர் குடிபோதை, இஞ்சினில் குறை ஏதும் இல்லை. எண் போடவில்லை.

டே. சொல்வது: புத்தகம் மாத முடிவில் அச்சுக்குப் போகிறது. எண் கிடைத்துப் பட்டியலில் இருந்தால் முதல் கடிதத்தைப் போட்டு உண்மையை எழுதுவேன், உங்கள் தோட்டத்துக் குழுவிலும் போடுவேன், எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். கிடைக்காவிட்டால் கையில் இருப்பது ஏஜெண்டு எழுதியதுதான், அதைத்தான் போட முடியும்.

நியாயமான மனுஷன். குறை சொல்ல முடியவில்லை.

7 நவம்பர், வெள்ளி

டயா. அக்காவுக்கு நடுவில் பிரஷர் இறங்கி, நர்ஸ் ஓடிவந்து, அரை மணி பயம். பிறகு சரியாயிற்று.

இஞ்சின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆபீஸ் கட்டடமே இல்லை, தோட்டம் முழுக்கச் செம்பனை. எண் யாருக்குத் தெரியும்? மிச்சம் இருப்பது ஆரோக்கியம் அண்ணன் ஒருவர்தான். பட்டறையில் இஞ்சின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர். இப்போது தஞ்சோங் டாவாயில் மகள் வீட்டில். நாளைக்குப் போகிறேன்.

8 நவம்பர், சனி

தஞ்சோங் டாவாய். வெயில், கருவாட்டு வாசம், பார்க்கிங் இல்லை. ஆரோக்கியம் அண்ணனுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். காது நன்றாகக் கேட்கிறது. முன்னறையில் மாதா படத்தடியில் உட்கார்ந்து மகளுக்கு நெத்திலி பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெருமாள் மகன் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். விபத்துக்குப் பிறகு அதை யாரையும் பிரித்துப் பார்க்க விடவில்லை, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள் என்றார். புதுச் சாமான் வந்ததா? எதுவும் வரவில்லை. பழகிய பட்டறையில் எனக்குத் தெரியாமல் எது வரும் என்றார்.

எண்ணைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"ஆயிரத்து முந்நூத்து நாப்பத்தேழு."

எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நெத்திலியைத் தள்ளினார், தள்ளினார்.

"நாலு நம்பர் லாட்டரி எடுத்தோம் தம்பி. தோட்டமே எடுத்துச்சு. ஆள் செத்த வண்டி நம்பர விடுவாங்களா? அந்த ஞாயித்துக்கிழம அடிச்சிருச்சு லா. நானும் எடுத்திருந்தேன். கோயிலுக்குப் போற வழியிலதான் எடுத்தேன்."

எண்ணை அப்படியே எடுத்தீர்களா, வரிசை மாற்றியா என்று கேட்டேன். அப்படியே, தகட்டில் இருந்தபடி. தான் துடைத்த தகடுதானே என்றார். டீ குடிக்காமல் போகக் கூடாது என்று மகள் பிடித்துக்கொண்டாள். குடித்தேன். என்ன குடித்தேன் என்று தெரியவில்லை.

வண்டி ஓட்டும்போது ஞாபகம் வந்தது. அந்த வாரம் லயத்தில் வீட்டுக்கு வீடு கறிச் சமையல். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை, அப்பா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டு மட்டும் வேலிப் பக்கமாக வந்தது, ஆட்டுக்கறி. பாக்கியத்தக்காவின் கருமாதிச் சோறு என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன். எலும்பைக்கூட விடவில்லை.

மெர்போக்கில் காரை ஓரமாக நிறுத்தினேன். கொஞ்சம் அழுதேன். அறுபத்து நாலு வயதில் ரோட்டோரத்தில்.

9 நவம்பர்

பட்டியலில் இருக்கிறது. மேலிருந்து ஐந்தாவது. 1347.

பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஆரோக்கியம் அண்ணன் சொன்னதைத் திரும்பப் போன் போட்டுக் கேட்டேன். அதே எண்.

அப்பா பொய் சொல்லவில்லை. இதை இவ்வளவு சுருக்கமாக எழுத முடிகிறதே.

சரோவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் குழந்தை அழுகை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். முதலில் அக்காவுக்குத்தான் சொல்ல வேண்டும். அந்த விபத்தோடு அவளுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணமும் போயிற்று. குடிகாரன் மகள் என்று எட்டு வருடம் யாரும் கேட்டு வரவில்லை. அப்பா செத்தபோதுகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை அவள். நாளைக்குக் காரில் சொல்கிறேன். டே.க்கும் அதன்பிறகு.

கூரைக்காரன் வந்தான். இரண்டு ஷீட் மாற்ற வேண்டுமாம்.

10 நவம்பர், திங்கள்

எதையும் விடாமல் எழுத வேண்டும்.

அக்காவை ஏற்றினேன். பெல்ட் போட்டுவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று மெர்போக் தாண்டும்வரை ஒத்திகை. அவளே ஆரம்பித்தாள். புதன்கிழமையிலிருந்து சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றாள். பிரேக் கெட்டுப்போயிருந்ததாக ஆகிவிடுமா என்று கேட்டாள். ஏன் என்றேன்.

"ஆபீஸ்ல என்னையக் கூப்பிட்டு விசாரிச்சாங்க தம்பி. ஒனக்குத் தெரியாது, நீ சின்னப் பிள்ள. அப்பா அன்னிக்கிக் குடிச்சாரான்னு பெரிய கிராணி கேட்டாரு. குடிச்சாருன்னு சொன்னேன்."

குடித்திருந்தாரா என்று கேட்டேன்.

"அன்னிக்கி இல்ல. மொத நாளு. குடிச்சிட்டு வந்து அம்மாவப் போட்டு அடிச்சாரு, பல்லு ஒண்ணு போச்சு. எனக்கு அந்தக் கோவம். ஒரு நாள மாத்திச் சொல்லிட்டேன்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் வந்த லாரி முந்திக்கொண்டு போயிற்று. அக்கா ஊசி போட்டுத் தடித்த கையைத் தடவிக்கொண்டே பேசினாள். அழவில்லை.

"எப்படியும் அன்னிக்கும் குடிச்சிருப்பாருன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்படித்தான் இம்புட்டு வருசம் ஓட்டிட்டேன். அவரு குடிக்காம இருந்து, பிரேக்கும் கெட்டிருந்தா, நான் எங்க போயி நிப்பேன்? நம்பரு கெடைச்சுதா?"

"கெடைச்சுதுக்கா. பிரேக் கெட்ட இஞ்சினுங்க லிஸ்ட் ஒண்ணு அனுப்பிச்சாரு, அதுல இல்ல."

வாயிலிருந்து தானாக வந்தது. நிஜமாவா என்று இரண்டு தடவை கேட்டாள். நிஜம் என்றேன். பிரேக் நன்றாக இருந்த இஞ்சின்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒரு பொய் சொல்லத் தொடங்கினால் கை நிறைய வருகிறது.

சென்டரில் ஊசி போட்ட பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாளாம். இப்படித் தூங்கிப் பார்த்ததே இல்லை என்றாள் நர்ஸ்.

12 நவம்பர், புதன்

டயா. போய் வந்தது. எழுத ஒன்றும் இல்லை.

டே. மெயில் இரண்டு. திறக்கவில்லை.

13 நவம்பர்

மழை. புது ஷீட் ஒழுகவில்லை.

காலையிலிருந்து யோசனை. டே.யிடம் உண்மையைச் சொல்லிக் குழுவில் மட்டும் போட வேண்டாம் என்றால்? புத்தகம் வந்தால் எவனாவது படம் எடுத்துப் போடுவான். அக்கா மகன் அந்தக் குழுவிலேயே கிடக்கிறவன், வருவதை எல்லாம் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறவன். பொறுத்திருந்து பிறகு போடச் சொன்னால்? பிறகு என்றால் எதற்குப் பிறகு? அதை நினைத்ததற்கே என்மேல் எனக்கு அருவருப்பு.

அப்பா செத்தாயிற்று, அக்கா இருக்கிறாள். கணக்கு இவ்வளவுதான் என்று எழுதிப் பார்த்தேன். மனசு ஆறவில்லை. அப்பாவுக்கு என்று கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஆள் வந்தார், அவரும் எங்கோ இருக்கிற வெள்ளைக்காரர்.

மூன்று மணிக்கு டே.க்கு எழுதினேன். எண் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. மன்னிக்கவும்.

உடனே பதில். வருத்தம், ஆனால் புரிகிறது. அப்படியானால் ஏஜெண்டின் கடிதத்தில் உள்ளபடியே போடுகிறேன். உங்கள் தந்தையின் பெயரைப் போடவில்லை, மரியாதைக்காக.

நன்றி என்று ஒரு வார்த்தை அனுப்பினேன்.

14 நவம்பர், வெள்ளி

வெயில் நல்ல வெயில். அக்கா வாசலிலேயே தயாராக நின்றாள், தலை சீவி, பொட்டு வைத்து. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நேற்று இரண்டு தோசை சாப்பிட்டாளாம்.

டோல் தாண்டியதும் சொன்னாள், வீட்டில் அப்பா படத்தை எடுத்துத் துடைத்து மாட்டியிருக்கிறாள். விளக்கும் ஏற்றினாளாம்.

"குடிச்சிட்டு ஓட்டுனாரு, ஒரு உசுரு போச்சு. செஞ்சாரு, அனுபவிச்சாரு. நான் மன்னிச்சிட்டேன் தம்பி. நீயும் மன்னிச்சிரு, செத்தவர் மேல என்ன கோவம்."

சரிக்கா, மன்னித்துவிட்டேன் என்றேன்.