கல் காட்டிய திசை

செப்டம்பர் 3
ஒரு வார வேலை பாழ். பழங்காலப் பனியாறு போட்ட பாறைக் கீறல்களின் திசை ஏன் இப்படிக் கோணல்மாணலாக வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். பார்த்தால், என் வீட்டுக்காரர் காம்பஸை இரும்புச் சுத்தியலை ஒட்டி வைத்து அளந்திருக்கிறார்! கேட்டால் இளிப்பு வேறு. “பனியாறு போன வழியை நான் தடவிப் பார்த்தே சொல்வேன். ஏறின பக்கம் வழவழன்னு இருக்கும், இறங்கின பக்கம் உடைஞ்சிருக்கும். காம்பஸ் எதுக்கு?” பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். “இனிமே தொட்டுப் பாருங்க, தெரியும்.”

செப்டம்பர் 4
காலையில் இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி அளக்க வேண்டிய பாறைகளில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வைக்கிறேன் என்று தனியாக ஏறிப்போனார். பனியாறு இறங்கிய பக்கம் அம்பு போடுவது எங்கள் வழக்கம். மத்தியானம் மூடுபனி. நீட்டின கை தெரியவில்லை. இருட்டிவிட்டது. ஆளைக் காணோம்.

காம்பஸ் என் பையில்.

செப்டம்பர் 5
மூடுபனி விலகினால்தான் மீட்புக் குழு ஏறுமாம். “சூடா ஏதாவது குடிங்கம்மா” என்கிறார் நாங்கள் தங்கியிருக்கும் மலைக்குடில்காரர். எப்படி இறங்கும்?

அத்தை போன் பண்ணினார். “அவன்கிட்ட குடும்மா, ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்.” வேலையில் இருக்கிறார் என்று வாய் கூசாமல் சொன்னேன். பாவி. போயும் போயும் ஒரு காம்பஸுக்காகவா? வந்துடுங்க. ஒரு சுத்தியல் இல்ல, பத்து சுத்தியலை ஒட்டி வெச்சுக்குங்க, நான் வாயே திறக்கல — வந்துடுங்க.

செப்டம்பர் 6
விடிந்ததும் மூடுபனி விலகியது. வேண்டாம் என்ற குழுத் தலைவரை மீறி நானும் ஏறினேன். பாறைக்குப் பாறை அம்பு! கிறுக்கல் அம்பு, மூடுபனியில் தடவித் தடவிப் போட்டது. எல்லாம் கீழ்நோக்கி, நம் குடில் பக்கம். பனியாறு இறங்கிய வழியைப் பிடித்துத்தான் வந்திருக்கிறார்.

பள்ளத்தாக்கு பிரிகிற இடத்தில் கடைசி அம்பு. அது மட்டும் பக்கத்துப் பள்ளத்தாக்கைக் காட்டியது. “பதற்றத்துல மாத்திப் போட்டிருப்பார், கீழேதான் போயிருப்பார்” என்று தலைவர் ஆட்களைத் திருப்பினார். நான் அந்தக் கல்லைத் தடவினேன். ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் உடைசல். அம்பு சரிதான். அப்புறம் — அடியில் கை நுழைந்தது.

ஐயோ, அது தரையோடு இருக்கிற பாறையே இல்லை! பனியாறு தூக்கி வந்து போட்ட தனிக்கல். எப்போதோ புரண்டிருக்கிறது. அதன் கீறலுக்கும் வழிக்கும் என்ன சம்பந்தம்? மூடுபனி இல்லையென்றால் பார்த்ததும் சிரித்திருப்பார்.

“கீழே போகலைங்க! இந்தக் கல்லை நம்பி அந்தப் பக்கம் போயிருக்கார்!” தொண்டை கிழியக் கத்தினேன். தலைவர் என் முகத்தைப் பார்த்தார். ஆட்கள் திரும்பினார்கள்.

செப்டம்பர் 7
உயிர் இருக்கு. உயிர் இருக்கு.

செப்டம்பர் 19
குளிரில் விறைத்துக் கருகிப்போன வலது கை விரல் நுனிகளை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்த விரல்களால்தான் தடவிப் பார்ப்பார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் இவர், “அதை எடு” என்றார். காம்பஸைக் கொடுத்தேன். கட்டுப் போட்ட கையால் வாங்கி, கட்டிலின் இரும்புக் கம்பியை ஒட்டி வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“வடக்கு அந்தப் பக்கம்,” என்று ஜன்னலைக் காட்டினார். தினமும் காலையில் வெயில் வருகிற ஜன்னல்.

“ஆமாங்க,” என்றேன்.